விபூதி தேய்த்த வெள்ளிமலை

விமான நிலையத்தில் சும்மா வெளியே போகிறவர்களுக்குப் பச்சை வழி. சொல்ல வேண்டிய பொருள் கையில் உள்ளவர்களுக்குச் சிவப்பு வழி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து இறங்கிய நான், சட்டைப்பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சிவப்பில் போய் நின்றேன். அங்கே தானாக வந்து நின்ற ஆள் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"என்ன சார் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் சுங்க அதிகாரி. கண்ணாடி போட்ட அம்மா ஒருவர்.

எடுத்து மேசைமேல் வைத்தேன். கெட்டியான பிளாஸ்டிக் உறை, நாலு பக்கமும் ஒட்டி மூடியது. அதற்குள்ளே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுத்த காசு.

"ரோமாபுரி காலத்து வெள்ளிக்காசு மேடம். என்னோடது. இங்க ஒருத்தர்கிட்ட காட்டிட்டு, திரும்பக் கொண்டு போயிடுவேன்."

"வெள்ளின்றீங்க, கருப்பா இருக்கே?"

"வயசானா நமக்கு வெளுக்குது, அதுக்குக் கறுக்குது, அவ்வளவுதான்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். காசைப் படம் எடுத்து, விவரத்தைப் பதிந்துகொண்டார். "போகும்போது இதே காசைக் காட்டணும் சார். இந்த நாட்டுப் பழம்பொருள் எதையும் வெளிய கொண்டு போக முடியாது, தெரியும்ல?"

"தெரியும் மேடம். அதுக்குத்தான் முன்னாடியே வந்து நிக்கிறேன்."

இந்தக் காசுக்காக நான் ஏன் கடல் தாண்டி வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் எனக்குக் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை. குஷன் கடை என்பார்கள். பள்ளிக்கூடத்தை நான் பாதியிலேயே விட்டேன். ஆங்கிலம் கற்றதெல்லாம் காசுப் புத்தகங்களில் படம் பார்த்துப் பார்த்துத்தான். ரோமாபுரிக் காசு என்றால் தமிழ்நாட்டு மண்ணுக்குள் கிடைக்கிற காசுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது பேரரசின் பொதுக்காசு, வணிகர்கள் கொண்டுவந்தது. நான் சேர்ப்பது மாகாணக் காசு. ரோமாபுரி கிழக்கே பிடித்து வைத்திருந்த ஊர்களில், இன்றைக்குத் துருக்கி, சிரியா என்கிறோமே அந்தப் பக்கம், உள்ளூரிலேயே அடித்த வெள்ளி. முன்பக்கம் பேரரசர் தலை. பின்பக்கம் ஊர்க்காரர்களுக்கு எது பெரிதோ அது.

செசரியா என்கிற ஊர்க்காரர்கள் தங்கள் மலையைப் போட்டார்கள். மலைமேல் கோயில் என்று இல்லை, மலையே சாமி. உச்சியில் ஒரு நட்சத்திரம். திருவண்ணாமலையைச் சுற்றி வந்த காலுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மலைக்காசு ஒன்று கைக்கு வந்த பிறகுதான் எங்கள் ஊர்க் காசுச் சங்கத்தில் எனக்கு மரியாதை வந்தது. அங்கே டாக்டர், வக்கீல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று எல்லோரும் படித்தவர்கள். "சீட் தைக்கிற ஆளுக்கு எப்படி லா இந்தக் கண்ணு?" என்று எங்கள் ஊர் ‘லா’ போட்டு அவர்கள் என் காசைக் கைமாற்றிப் பார்த்த நாளில், எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

என் காசில் பேரரசரின் கன்னத்தில் ஒரு சின்னக் கோடு உண்டு. ஒருநாள் காசு சேர்ப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் கூடுவாஞ்சேரி தணிகாசலம் தன்னுடைய மலைக்காசைப் படம் போட்டார். அதிலும் அதே கன்னம், அதே இடம், அதே கோடு! நான் கடையில் தைத்துக்கொண்டிருந்த சீட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். காசு அடிக்கிற அச்சில் கீறல் விழுந்தால், அந்த அச்சில் பிறக்கும் காசிலெல்லாம் அது மேடாக எழும்பி நிற்கும். அப்படியானால் இவை இரண்டும் ஒரே அச்சில் பிறந்த அண்ணன் தம்பி. ஒன்று ஈப்போவில், ஒன்று கூடுவாஞ்சேரியில்.

சங்கத்து டாக்டர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "மேடா இருந்தா அச்சுக் கீறல். பள்ளமா இருந்தா அது காசு பட்ட காயம். ரெண்டு பேருக்கு ஒரே இடத்துல ஒரே அளவுல காயம் படாது லா. பட்டிருந்தா அசலை வச்சு வார்த்த போலி." என் காசு மூடிய உறைக்குள் இருக்கிறது, விரல் வைத்துத் தடவ முடியாது. படத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத்தான் தெரியும். "தணிகாவோட காசுல உறை இல்ல. நேர்ல போய்த் தடவிப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சவால் விட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் அறை எடுத்தேன். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் ஏறினால், உட்கார இடம் இருப்பதாக ஓட்டுநர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. "ஏறுங்க சார், காத்தோட்டமா கீது" என்றார். பாதி உடம்பு வெளியே இருந்தால் காற்றோட்டத்துக்கு என்ன குறை. என் பக்கத்தில் காலி மீன்கூடையோடு ஒரு அம்மா. கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவர்.

"இன்னா நைனா, தமிழ் பேசற, சட்டை பூரா பூப்பூவா போட்டுக்கினு கீற? எந்த ஊரு?"

"மலேசியாம்மா. பாத்தேக் சட்டை."

"அங்க மீன் கீதா?"

"நெறைய இருக்கும்மா."

"இட்லி?"

"அதுவும் இருக்கு."

"அப்புறம் இன்னாத்துக்கு நைனா இங்க வந்த?"

எங்கள் சங்கத்தில்கூட யாரும் இவ்வளவு நேராக என்னைக் கேட்டதில்லை. "ஒரு காசைப் பார்க்க வந்தேன்" என்றேன். அந்த அம்மா கூடையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டு, "காசு உன்னைப் பார்க்க வராதா?" என்று கேட்டார். ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. ஓட்டுநருக்குச் சிரிப்பில் பிரேக்கே தாமதமாகத்தான் விழுந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் ஹோட்டலில் பொங்கலும் வடையும். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்போம். பரிமாறுகிறவரிடம் பழக்கதோஷத்தில் "நீங்க பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் வாளியோடு நின்றுவிட்டார். "சார், வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து கஸ்டமர் யாரும் என்னை இதைக் கேட்டதில்ல" என்று சொல்லி, கேட்காமலே இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார். ரொட்டி சானாய் என்கிற எங்கள் பரோட்டாவுக்கு ஊற்றுகிற பருப்புக் குழம்பு ஊரில் எனக்கு உயிர். ஆனால் நெய் மிதக்கும் இந்தப் பொங்கலுக்கு முன்னால் அது கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

நிறைந்த வயிறு செய்த தப்புதான் அடுத்தது. தாம்பரம் நிலையத்தில் தெற்கே பார்த்து நின்ற ரயிலில் ஏறிவிட்டேன். தெற்கே போவதெல்லாம் கூடுவாஞ்சேரியில் நிற்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். பெருங்களத்தூர் பறந்தது. வண்டலூர் பறந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பொத்தேரி கல்லூரிப் பெண் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "அங்கிள், எங்க எறங்கணும்?" என்றாள்.

"கூடுவாஞ்சேரிம்மா."

"இது எக்ஸ்பிரஸ் அங்கிள். செங்கல்பட்டுலதான் நிக்கும். நானும் தெரியாம ஏறிட்டேன். எனக்கு பர்ஸ்ட் ஹவர் போச்சு, உங்களுக்கு?"

எனக்கு என்ன போகிறது என்று அப்போது எனக்கே தெரியாது. கூடுவாஞ்சேரி வந்தது. நடைமேடையில் தணிகாசலம்! வாட்ஸாப் படத்தில் பார்த்த அதே அடர்ந்த மீசை. ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டி, "தணிகா!" என்று கத்திக் கையை ஆட்டினேன். அவரும் பூச்சட்டையை அடையாளம் கண்டு உற்சாகமாகக் கையைத் தூக்கினார். தூக்கிய கை, ரயில் நிற்கவில்லை என்றதும், அப்படியே அவர் தலைக்குப் போயிற்று.

செங்கல்பட்டில் இறங்கி, ஏரியைப் பார்த்து, டீ குடித்து, லோக்கல் பிடித்து நான் திரும்புவதற்குள் மதியமாகிவிட்டது. தணிகாசலம் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, கடல் தாண்டி வந்து, கையாட்டிட்டுப் போன மொத ஆளு நீங்கதாண்ணா!" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் எலெக்ட்ரிக் காண்ட்ராக்டர். ஊரைச் சுற்றி முளைக்கும் மனைப்பிரிவுகளில் பாதி வீட்டுக்கு அவர் கைதான் விளக்குப் போட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. சிறுசேரிப் பக்கம் ஒரு குடியிருப்பில் மோட்டார் எரிந்து, தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் கூடிவிட்டார்களாம்.

"பேஜார்ணா. காலைல நீங்க எறங்கியிருந்தா அந்நேரத்துக்கே வூட்டுல உக்காந்து பார்த்திருப்போம். காசைக்கூட பீரோவுல இருந்து எடுத்து வெளிய வச்சிட்டேன். நாளைக்கு வாங்க, வெள்ளிக்கிழமை, நல்ல நாள். சாப்பாடும் நம்ம வூட்டுலதான்."

நல்ல நாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை லோக்கல் ரயிலில், இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறினேன். தணிகாசலத்தின் வீடு மாடிவீடு. வாசலில் ஈரக் கோலம். உள்ளே சாம்பிராணிப் புகை. அவருடைய மனைவி மல்லிகா, "வாங்கண்ணா, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பூஜை அலமாரியில் வெள்ளிக் குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம், தட்டு எல்லாம் கண்ணைப் பறித்தன. கைத்தொழில்காரன் கண் எனக்கு, நல்ல வேலையைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. "இவ்வளவு பளபளப்பா வெள்ளியை நான் பார்த்ததே இல்லைம்மா" என்றேன்.

"வியாழக்கிழமை சாயந்தரம் ஒக்காந்து தேய்ச்சிடுவேன்ணா. பவுடரு லிக்விடு எதுவும் நமக்கு ஆவாது. விபூதிதான். விபூதி போட்டுத் தேய்ச்சா வெள்ளி சிரிக்கும்."

நடுக்கூடத்தில் பாயைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்தார் தணிகாசலம். நான் என் உறையை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். அவர் ஷோகேஸிலிருந்து ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தார். இரண்டு பேருக்கும் கல்யாண வீட்டுப் படபடப்பு. "தொறக்கட்டுமாண்ணா?" என்று மூடியைத் திறந்தார்.

உள்ளே காசு சிரித்தது.

கறுப்பு இல்லை. படத்தில் பார்த்த அந்தப் பழம்நிறம் துளிகூட இல்லை. நேற்று வாங்கிய கொலுசுபோல வெள்ளை வெளேர் என்று கிடந்தது. காசு சேர்ப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் காசின் வயது. தெரிந்தவர்கள் துணியால்கூடத் துடைக்கமாட்டார்கள்.

"மல்லிகா!" தணிகாசலத்தின் குரல் மாடிப்படி வரை போயிருக்கும். "இன்னாடி பண்ணி வச்சிக்கிற?"

"இன்னா பண்ணிட்டேன்?" அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். "விளக்கோட விளக்கா அதையும் தேய்ச்சேன். கன்னங்கரேல்னு கெடந்துச்சு. வெளிநாட்டுல இருந்து மனுசன் வராரு, அழுக்கோடவா எடுத்துக் கையில குடுப்ப?"

"அழுக்கா? அது அழுக்காடீ? ஆயிரத்து எட்நூறு வருசம்டீ அது!"

"ஆயிரத்து எட்நூறு வருசமா ஒருத்தருகூடத் தேய்க்கலன்னா அது யாரு தப்பு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்மேலேயே கோபமும் வந்தது. வியாழக்கிழமை நான் சரியான ரயிலில் ஏறியிருந்தால், அந்தக் காசு சாயங்காலத்துக்குள் பீரோவுக்குத் திரும்பியிருக்கும். "தணிகா, விடுங்க. தங்கச்சியைத் திட்டாதீங்க. கோடு எங்கயும் போயிருக்காது" என்று சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன்.

கோடு எங்கும் போகவில்லைதான். பேரரசரின் கன்னத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. ஏன் வெள்ளை? கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். காசு முழுவதும் துடைத்த விபூதி, கோட்டுக்குள் மட்டும் தங்கியிருந்தது.

மேட்டில் விபூதி தங்காது. பள்ளத்தில்தான் தங்கும்.

நகத்தை வைத்து மெதுவாக இழுத்தேன். நகம் இறங்கி ஏறியது. டாக்டரின் பிதுக்கிய உதடு கண்முன்னால் வந்தது. காசைத் திருப்பினேன். மலையின் சரிவில், கறுப்பு இருந்தபோது தெரியாத பொடிப் பொடிக் குழிகள், ஆப்பத்தில் இருப்பதுபோல. அதிலும் விபூதி. உருக்கி வார்க்கும்போது காற்று நின்ற இடங்கள் அவை. காசின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். அங்கேதான் என் தொழில் வந்து உதவியது. சீட் உறையில் இரண்டு துண்டுத் தோல் சேருமிடத்தில் தையல் தெரியாமல் மடித்து மறைப்பதுதான் எங்கள் திறமை. இந்தக் காசின் விளிம்பிலும் யாரோ அப்படி ஓர் இணைப்பை அரத்தால் ராவி மறைத்திருந்தார்கள். இரண்டு பாதியாக வார்த்தால்தான் இணைப்பு விழும், அச்சில் அடித்த காசுக்கு இணைப்பு ஏது?

"இன்னாண்ணா பேச்சே காணோம்?" என்றார் தணிகாசலம்.

"தணிகா, உங்க காசு வார்த்த காசு."

மல்லிகா கரண்டியைக் கீழே இறக்கினார். தணிகாசலம் காசைப் பார்க்கவில்லை, பாயில் கிடந்த என் உறையைப் பார்த்தார்.

"அப்போ உங்களுதுண்ணா?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு காசு, ஒரே காயம். ஒன்று மற்றதைப் பார்த்து வார்த்ததாக இருக்கலாம். என்னுடையது அசலாக இருக்க இன்னும் இடம் உண்டு. உறையை உடைக்காமல் ஊருக்குப் போனால் அந்த இடம் அப்படியே இருக்கும். "தணிகாவுடையது போலி, என்னுடையது மூலம்" என்று சங்கத்தில் சொல்லலாம், அதற்கும் கைதட்டுவார்கள். கொஞ்ச நேரம் அந்தக் கைதட்டல் என் காதில் கேட்கவும் செய்தது.

"வேணாம்ணா. அது மூடியே இருக்கட்டும்" என்றார் தணிகாசலம். தன் காசு போன துக்கத்திலும் என் காசைக் காப்பாற்ற நினைத்த மனிதர் அவர். அந்த வார்த்தைக்குப் பிறகு மூடி வைத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

"உங்க கட்டிங் பிளேயரைக் கொடுங்க."

ஒட்டிய ஓரத்தைக் கடித்துப் பிளந்ததும் உறை பட்டென்று வாயைத் திறந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் காசு என் உள்ளங்கையில் விழுந்தது. அதை எடுத்து மல்லிகாவிடம் நீட்டினேன்.

"இதையும் தேய்ச்சுக் கொடும்மா."

"ஐயையோ, நான் மாட்டேன்ணா! ஒண்ணைத் தேய்ச்சதுக்கே இந்த மனுசன் கண்ணாலயே எரிக்கிறாரு."

"நான் சொல்றேன்மா. அண்ணன் கேக்கறேன், தேய்ங்க."

விபூதித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கறுப்பு சீக்கிரமாகவே விட்டுக்கொடுத்தது. அது வயதில் வந்த கறுப்பு இல்லை, பூசிய கறுப்பு என்று அந்த வேகத்திலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. முந்தானையால் துடைத்து, இரண்டு காசையும் வெள்ளைத் துணியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கன்னத்திலும் ஒரே வெள்ளைக் கோடு. இரண்டு மலையிலும் ஒரே ஆப்பக் குழி.

மல்லிகா மெதுவாக, "ரெண்டும் ரொம்ப அழகா கீதுண்ணா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் தணிகாசலத்துக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவரைப் பார்த்து எனக்கும். அடக்க முடியாமல் இரண்டு பேரும் பாயிலேயே சாய்ந்துவிட்டோம்.

"அண்ணன் தம்பின்னு சொன்னீங்களேண்ணா! நெஜமாவே ஒரு வயித்துப் புள்ளைங்கதான்!"

"நான் தேய்க்கலைன்னா காலம் பூரா ரெண்டு பேரும் ஏமாந்துகினே இருந்திருப்பீங்க" என்றார் மல்லிகா. அவருக்கு இப்போது குரல் திரும்பிவிட்டது. "வாங்க, சாம்பார் ஆறுது."

சாப்பாட்டில் எனக்கு ருசி தெரியாது என்றுதான் உட்கார்ந்தேன். முருங்கைக்காய் சாம்பாரும், மொறுமொறுவென்ற உருளைக்கிழங்கும், பால் பாயசமும் என் துக்கத்தை மதிக்கவே இல்லை. மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லி, வெள்ளிக்கிழமை மீன் போடாத குறையைத் தீர்த்தார்கள். வஞ்சிர வறுவல். எங்கள் ஊரில் அதைத் தெங்கிரி என்போம். பேர்தான் வேறு, எண்ணெயில் போட்டால் வாசனை ஒன்றுதான். சாப்பிட்ட பிறகு தணிகாசலம் என்னை பைக்கில் நந்திவரம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். முந்தைய நாள் சிரித்தவருக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"வித்தவனை விடக்கூடாதுண்ணா."

"எனக்கு வித்தவர் வேற, உங்களுக்கு வித்தவர் வேற. அவங்களையும் யாரோ ஏமாத்தியிருப்பாங்க. எந்த வாலைப் பிடிச்சு எங்க போறது?"

"அப்போ அவ்ளோதானா? சங்கத்துல இன்னா சொல்லுவீங்க?"

அதை யோசித்துக்கொண்டுதான் நானும் வந்திருந்தேன். ஏரித் தண்ணீருக்கு அப்பால் வண்டலூர்ப் பக்கத்துக் குன்றுகள் மங்கலாகத் தெரிந்தன. காசை எடுத்துத் தடவினேன். இத்தனை நாள் செய்ய முடியாமல் இருந்த காரியம். நகம் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"தணிகா, இந்தக் காயம் பொய் இல்ல. வார்க்கிறவன் எதுக்குக் காயத்தைப் புதுசா உண்டாக்கப் போறான்? அசல் ஒண்ணு இருந்திருக்கு. அந்தக் காலத்துல அந்த ஊரு செட்டியாரு எவனோ, உள்ள செம்பு இருக்கான்னு உளியால கன்னத்துல கொத்திப் பார்த்திருக்கான். அந்தக் கொத்துதான் நம்ம ரெண்டு பேர் காசுலயும் விழுந்திருக்கு. அசலு எங்கயோ இருக்கு."

தணிகாசலம் பைக்கின் மேல் சாய்ந்தபடி என்னையே பார்த்தார். "அண்ணா, வுழுந்த எடத்துலயும் மண்ணு கிண்டிப் பார்க்கிற ஆளுண்ணா நீங்க" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கேலி என்று எடுத்திருப்பேன். அவர் சொன்னபோது பாராட்டாக மடியில் முடிந்துகொண்டேன்.

புறப்படும்போது மல்லிகா, உறை இல்லாத காசுக்கு ஒரு குங்குமச் சிமிழைக் கொடுத்தார். உள்ளே பஞ்சு வைத்து, அதன்மேல் காசு. "கறுத்துப் போச்சுன்னா சொல்லுங்கண்ணா, விபூதி அனுப்பறேன்."

திரும்பும் நாள், விமான நிலையத்தில் மறுபடி நானாகவே போய் நின்றேன். இந்த முறை இளவயது அதிகாரி. கம்ப்யூட்டரில் இருந்த படத்தைப் பார்த்தார், சிமிழைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது அந்தக் காசு இல்லையே. வரும்போது கறுப்பா இருக்கு, சீல் பண்ணின கவர்ல இருக்கு. இது பளபளன்னு குங்கும டப்பாவுல இருக்கு. மாத்தி வேற காசு கொண்டு போறீங்களா?"

"அதே காசுதான் சார். விபூதி போட்டுத் தேய்ச்சாங்க."

"யாரு?"

"கூடுவாஞ்சேரியில என் தங்கச்சி."

அவர் மேலதிகாரியைப் பார்த்தார். நான் அசரவில்லை. வரும்போது இந்தக் காசு அசல் என்று இதே விமான நிலையத்தில் நிமிர்ந்து சொன்னவன், போகும்போது இது போலி என்று அதைவிட நிமிர்ந்து சொன்னேன். பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தேன். ஆப்பக் குழியைக் காட்டினேன். விளிம்பில் ராவி மறைத்த இணைப்பைக் காட்டினேன். போனில் இரண்டு காசும் சேர்ந்திருந்த படத்தைக் காட்டி, "ஒரே காயம் ரெண்டு கன்னத்துல எப்படி சார் படும்?" என்று கேட்டேன். சங்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. மேலதிகாரியும் வந்து குனிந்து பார்த்தார். கன்னத்துக் கோட்டையும், கையால் ராவிய விளிம்பின் வடிவத்தையும் கம்ப்யூட்டர் படத்தோடு ஒப்பிட்டு, அதே காசுதான் என்று ஒத்துக்கொண்டார்.

இளைஞர் சிமிழை மூடி என்னிடம் நீட்டினார். நீட்டியவர் விடவில்லை.

"டூப்ளிகேட்டுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு சார் பஞ்சு வச்சு, இவ்ளோ பத்திரமா எடுத்துட்டுப் போறீங்க?"

"இதோட அம்மா எங்கயோ இருக்கா சார். கன்னத்துல இதே தழும்போட. காணாமப் போனவங்களைத் தேடணும்னா, கையில ஒரு போட்டோ வேணாமா?"

அவர் சிமிழை விட்டுவிட்டார்.